அப்பாவின்ர கதிரையில ஆரும் இருக்கேலாது

எங்கட வீட்டில ஒரு மரக்கதிரை இருக்கு. அதில ஆரும் இருக்கிறேல்லை. இருக்க வந்தவையை அப்பா எழுப்பி விட்டிடுவார். ஒரு நத்தாருக்குக் கோயில் பாதர் வந்து களைப்பில அதில குந்த, "பாதர், குறை நினைக்காதேங்கோ, அது மேளம்" எண்டு கையைப் பிடிச்சுத் தூக்கி, கட்டிலில கொண்டுபோய் இருத்தினவர். பாதர் அதுக்குப் பிறகு எங்கட வீட்டில நிண்டபடிதான் தேத்தண்ணி குடிக்கிறவர்.

அப்பா காப்பிரி. வெள்ளைக்காரர் ஆபிரிக்காவில இருந்து பட்டாளத்துக்கெண்டு கப்பலில ஏத்திக்கொண்டு வந்து, இஞ்ச கோட்டைக் காவலுக்கு விட்டிட்டுப் போன ஆக்களின்ர வழி. அம்மா சல்லி எண்ட ஊர், கடற்கரைக் குடும்பம், அம்மன் கோயிலடி. ரெண்டு பேரும் என்னெண்டு சேந்தவை எண்டது பெரிய கதை, இப்ப வேண்டாம். காப்பிரி ஆக்களுக்கு வாத்தியம் எண்டு கடையில வாங்கிறது ஒண்டுமில்லை. குசினியில உள்ளதுதான். ரெண்டு கரண்டி, தேங்காய்ச் சிரட்டை, ஒரு வெறும் போத்தல். மேளத்துக்கு மரக்கதிரை. அப்பா துறைமுகத்தில வேலை முடிஞ்சு வந்து, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு கதிரைக்குப் பின்னால முழங்காலில நிண்டு பலகையில தட்டத் தொடங்கினா, அம்மா பாடுவா. சல்லிக்காரி, காப்பிரிப் பாட்டு! அர்த்தம் அவவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஆனா ஆராவது இருந்துகொண்டு கேட்டா அப்பாவுக்கு விசர் வந்திடும். "இது இருந்து கேக்கிற பாட்டில்லை, எழும்பு!" எண்டு கத்துவார். எல்லாரும் எழும்பி ஆடோணும்.

போன வருசம் அப்பா செத்துப்போனார். அண்டையில இருந்து அம்மா பாடவேயில்லை. மீன் வெட்டேக்க வாய்க்குள்ள முணுமுணுக்கிறதும் நிண்டு போச்சு. வீடு கிடந்த கிடை எனக்குப் பயமா இருந்தது. அதால, டவுனில ஆபிரிக்க வம்சாவளிப் பண்பாட்டு விழா செய்யப் போறம் எண்டு ஒரு குழு வந்து கேக்க, நான் அம்மாவைக் கேக்காமலே ஓம் எண்டிட்டன். அம்மா என்னோட கதைக்காமல் திரிஞ்சா. பிறகு ஒருநாள் சோத்தைப் போட்டுக்கொண்டே, "அந்தக் கதிரையில நீ தட்டினாத்தான் பாடுவன். வேற கதிரை எண்டா வாய் திறக்க மாட்டன்" எண்டா. எனக்கு அது போதும்.

விழாவுக்கு முதல் குழுத் தலைவர் எங்களைப் பாக்க வந்தவர். மேலயும் கீழயும் பாத்திட்டு, "இன்னும் கொஞ்சம் கறுப்பான ஆக்கள் இல்லையோ?" எண்டு கேட்டார். கேட்ட மனிசன் எங்களை விடக் கறுப்பு. எனக்குக் கோவம் மூக்கு நுனியில. "கண்ணாடி ஒண்டு கொண்டு வரட்டோ, சேர்?" எண்டன். அம்மா என்ர காலை மிதிச்சா.

விழா அண்டு கதிரையை ஓட்டோவில கட்டிக்கொண்டு போனம். மண்டப வாசலில பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிறுத்தைப்புள்ளித் துணி சுத்தி, அட்டையில செய்த ஈட்டியோட நிண்டுதுகள். என்ர அப்பா ஈட்டி பிடிச்சதை நான் ஒருநாளும் காணேல்லை. பாணும் பருப்பும் சைக்கிளில கொழுவிக்கொண்டு வாற மனிசன் அவர். கதிரையையும் சாமானையும் மேடையடியில வைச்சிட்டு, அம்மாவை மேடைக்குப் பின்னால இருத்திப்போட்டு அவவுக்குத் தண்ணி எடுக்கப் போனன்.

திரும்பி வந்தா ஒண்டையும் காணேல்லை. போத்தலும் சிரட்டையும் குப்பை வாளிக்குள்ள. கரண்டி ரெண்டும் சிற்றுண்டி மேசையில, கேக்குக்குப் பக்கத்தில. அதெல்லாம் பொறுக்கி எடுத்திட்டன். கதிரை? முன்வரிசை நடுவில! வெள்ளைத் துணி போத்து, மஞ்சள் ரிபன் கட்டி, அதுக்கு மேல கொழும்பில இருந்து வந்த பிரதம விருந்தினர். ஆள் நல்ல பருமன்.

"பிளாஸ்டிக் கதிரை அவரைத் தாங்காது, பிள்ளை. மண்டபத்தில இருந்த ஒரே மரக்கதிரை இதுதான். கடவுளே கொண்டு வந்து வைச்ச மாதிரி" எண்டார் தலைவர்.

"கடவுள் இல்லை, நான் கொண்டு வந்தனான். அது எங்கட மேளம்."

"நிகழ்ச்சி முடிய எடுங்கோவன்."

"நிகழ்ச்சிக்குத்தான் சேர் அது வேணும்!"

"பிரதம விருந்தினரை எழுப்பேலாது. பிளாஸ்டிக்கில தட்டுங்கோ, நல்லாச் சத்தம் வரும்."

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடான். தலைவர் மேடையேறிப் பேசினார். "இந்த மக்களின் வாத்தியங்களை நாங்கள் தலையில் வைத்துப் போற்ற வேண்டும்" எண்டார். பிரதம விருந்தினர் அதை வேற இடத்தில வைச்சுக்கொண்டு கைதட்டினார்.

அம்மாவைக் கூப்பிட்டினம். அவ மேடையில ஏறி, கதிரையைத் தேடினா. நான் பிளாஸ்டிக் கதிரையோட நிண்டன். அவ என்னைப் பாத்தா, முன்வரிசையைப் பாத்தா, தலையை ஆட்டிப்போட்டுப் படியைப் பாத்துத் திரும்பினா. இப்ப இறங்கினா இந்த மனிசி சாகும்வரைக்கும் பாடாது எண்டு எனக்கு விளங்கிச்சுது. பிளாஸ்டிக்கைத் தூக்கி எறிஞ்சிட்டுக் கீழ ஓடினன்.

"ஐயா, மன்னிக்கோணும். நீங்கள் மேளத்தில இருக்கிறியள்."

அவர் குனிஞ்சு தனக்குக் கீழ பாத்தார். "ஐயையோ!" எண்டு துள்ளி எழும்பினார். பாவம், நல்ல மனிசன். ஒருத்தரும் அவருக்குச் சொல்லேல்லை.

பிரதம விருந்தினர் எழும்ப முன்வரிசை முழுக்க எழும்பிச்சுது. முன்வரிசை எழும்ப, தேசிய கீதமாக்கும் எண்டு பின்னால உள்ளவையும் எழும்பிட்டினம். சிறுத்தைகள் ஈட்டியைக் கீழ போட்டிட்டு விறைச்சு நிண்டுதுகள். அறிவிப்பாளருக்கு ஒண்டும் விளங்கேல்லை. "இப்பொழுது... மௌன அஞ்சலி" எண்டு மைக்கில சொல்லிப்போட்டார். ஆருக்கு எண்டு அவரும் சொல்லேல்லை, ஆரும் கேக்கேல்லை. மண்டபம் முழுக்கத் தலையைக் குனிஞ்சு நிண்டுது.

அம்மா படியில கால் வைச்சபடி நிண்டு அதைப் பாத்தா.

நான் துணியை உரிச்சு, ரிபனைப் பல்லால கடிச்சு இழுத்துப்போட்டு, கதிரைக்குப் பின்னால முழங்காலில நிண்டன். பலகை இன்னும் சூடாக் கிடந்தது. தட்டினன். அப்பாவின்ர கை எனக்கு இல்லை, ஆனா சத்தம் அதே சத்தம். அம்மா மேடைக்குத் திரும்பி வந்து வாய் திறந்தா.

பிரதம விருந்தினருக்கு இருக்கக் கதிரை இல்லை. அவர் நிண்டார். அவர் நிக்க மற்றவை இருக்கேலாது. தலைவர் இருக்கப் பாத்திட்டு, பிறகு வெக்கத்தில நிமிந்தார். கொஞ்ச நேரத்தால பிரதம விருந்தினர் இடுப்பை ஆட்டத் தொடங்கினார். அவர் ஆடினா முன்வரிசை சும்மா நிக்கேலுமோ? முழு மண்டபமும் ஆடிச்சுது. கடைசியாத் தலைவரும்.

திரும்பி வரேக்க ஓட்டோவுக்குள்ள அம்மாவுக்கும் எனக்கும் நடுவில கதிரை. அவ அதில கையை வைச்சுக்கொண்டு வந்தா.

"கண்டனியோடி? கொப்பரின்ர பாட்டுக்கு ஒருத்தரும் இருக்கேல்லை" எண்டா. பிறகு அழுதா. நானும்தான்.

அடுத்தநாள் விடிய, குசினிக்குள்ள மீன் வெட்டுற சத்தத்தோட அந்தப் பாட்டும் கேட்டுது. நான் பாயில படுத்துக் கிடந்தனான். எழும்பி நிண்டன்.