கடைசித் தேதியைப் பார்க்கச் சொன்னவர்

நீங்கள் யாரும் நம்பப்போவதில்லை என்ற முழு உறுதியோடு, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து இதைத் தொடங்குகிறேன்.

திங்கட்கிழமை விடியலில் தங்கை மகன் போனில், "நைனா போய்ட்டாரு மாமா" என்றான். அந்த நொடியில் செஞ்சியின் மூன்று மலைகளும் ஒரு முழம் தாழ்ந்ததை என் கண்ணால் கண்டேன். போனவர் என் தங்கை வீட்டுக்காரர், துப்பாக்கி ரிப்பேர் ஏகாம்பரம் அவர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அவர் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். கையெல்லாம் கிரீஸ் என்று யாரும் பெண் கொடுக்கவில்லை. எங்களைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். கேசரியைத் தொடுமுன்பே எங்கள் அப்பா, அதாவது எங்கள் நைனா, கடலைக் கொல்லைப் பன்றிக்காக லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியை அவர் மடியில் வைத்தார். ஒருமுறை குண்டு அடைத்தால், அடியில் உள்ள பிடியைத் தள்ளித் தள்ளி அடுக்கடுக்காகச் சுடலாம். சுட்டால் மேல்மலையனூரில் கோயில் பம்பை தானாக முழங்கும். அதை வைத்துத்தான் தன் பாட்டனார் கோட்டைமேல் ஒற்றை ஆளாய் நின்று நவாபு படையை விரட்டினார் என்பது நைனாவின் வாக்கு.

பாட்டனார் எப்போது தவறினார் என்று ஏகாம்பரம் பணிவாகக் கேட்டார். தாது வருஷப் பஞ்சத்தில் என்றார் நைனா.

ஆயுத பூஜைதோறும் அப்பிய சந்தனம் குழலின் எழுத்துகளை மூடியிருந்தது. ஏகாம்பரம் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். உதிர்ந்த சந்தனம் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே போதும். அடியில் பேட்டன்ட் தேதிகள் வரிசையாக வெளிவந்தன. இந்தப் பொறி எங்கள் கண்டுபிடிப்பு என்று கம்பெனிக்காரன் பதிந்துகொண்ட தேதிகள். நைனா முதல் தேதியில் விரலை வைத்துப் பூரித்தார்.

"மொத தேதி ஒதவாது மாமா. கடைசி தேதிய பாருங்க. அதுக்கு முன்னால இது பொறந்திருக்க முடியாது. பஞ்சம் முடிஞ்சப்புறம் வந்த துப்பாக்கி இது."

நைனாவின் மீசை உத்தரத்தை இடித்தது.

"எங்க பாட்டன்தான் சுட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே தட்டு மாத்திக்கலாம். இல்லாட்டி எழுந்து போய்க்கினே இரு."

ஏகாம்பரம் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு குழலைப் பார்த்தார்.

"எனக்கும் ஆசைதான் மாமா. இதுல பொறிச்சிருக்கறத நான் இன்னா பண்றது?" என்று துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து என் தங்கை பேசினாள்.

"நைனா, என் வயசுலயும் ரெண்டு கொறச்சி சொல்லிக்கீற. அதயும் இப்பவே சொல்லிடு. அவரு ஒக்காரட்டும்."

உட்கார்ந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை.

நேற்று தூக்க வந்தவர்களிடம் தங்கை, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றாள். இருந்தார்.

போய் வாருங்கள், மச்சான். மலை, பம்பை, மீசை எல்லாம் என் கைச்சரக்கு. தங்கை சொன்னது மட்டும் சொல்லுக்குச் சொல் நிஜம்.