களத்தில் கழற்றிய ஸ்பைக்ஸ்

ஜவ்வாது மலையில் கிரிக்கெட் முகாம் நடத்த என்னென்ன அனுமதி வேண்டும் என்பது எங்கள் விளையாட்டு அலுவலகத்தில் என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. சூப்ரண்டு என்ற முறையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் மலை ஏறினேன். ஒன்று விட்டுப்போனது முதல் நாள் காலையில் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசி அது. மலைப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் தாமோதரன். திருப்பத்தூர்க்காரர், நாட்டுக்காக ஆடிய ஆல்ரவுண்டர். குதிகால் வலியால் பந்துவீச முடியாமல் அணியில் இடம் போயிருந்தது. அடுத்த மாதத் தேர்வு ஆட்டத்தில் வீசிக் காட்டினால் உண்டு. இல்லாவிட்டால் அத்தோடு சரி. பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் வீசிப் பார்க்கவே எங்கள் முகாமுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்.

மலையில் சமதளம் என்றால் சாமை அடிக்கும் களம்தான். அறுவடை முடிந்து காலியாக இருந்தது. தேங்காய் நார் மேட்டிங்கை விரித்து, ஓரங்களில் கல் வைத்தோம். தாமோதரன் ஸ்பைக்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். ஊர்க்கவுண்டர் சடையன் குறுக்கே நின்றார்.

"இன்னாங்க இது, ஆணி வெச்ச செருப்பு? கழட்டுங்க."

நான் கலெக்டர் உத்தரவை நீட்டினேன்.

"அத மடிச்சி வைங்க சாமி. சோறு போடற களம் இது. செருப்புக்கால் பட்டு வெள்ளாம போச்சுன்னா கலெக்டரா வந்து சாமை குடுப்பாரு? அவரு வந்தாலும் வெளியதான் கழட்டணும்."

உத்தரவில் செருப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கவனமாகப் படித்துத்தான் மடித்தேன்.

தாமோதரன் சிரித்தபடி கழற்றினார். "வுடுங்க சார். எங்க வூட்டுக் களத்துலயும் இதான் சட்டம்."

அடுத்த சிக்கல் ஓட்டம். களத்தைத் தாண்டினால் நெருஞ்சி முள். வெறுங்காலோடு பழைய தூரம் ஓட வழியில்லை. நாலே எட்டு வைத்து வீசினார். குதிகாலை ஊன்றினால் உயிர் போகும் என்பதால் முன்பாதத்தில் இறங்கினார். வேகம் பாதியாகிவிட்டது. ஆனால் பந்து மேட்டிங்கில் பட்டதும் உள்ளே வெட்டித் திரும்பி, மட்டை பிடித்த ஆசிரியரின் ஸ்டம்பைச் சாய்த்தது.

"வாத்தியாரே, அது எங்க போச்சு?" என்று அந்த ஆசிரியரைக் கேட்டார் கவுண்டர்.

தாமோதரன் மறுபடி வீசினார். பிறகு மறுபடி. வெயில் ஏறியும் நிறுத்தவில்லை. கடைசியில் என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "சார், வலிக்கல."

தேர்வு ஆட்டத்தில் அவருடைய நாலெட்டு ஓட்டத்தைப் பார்த்து, "பஸ் ஸ்டாண்டுல வெத்தல துப்பப் போறவன் மாதிரி வர்றான்" என்று ஒரு தேர்வாளர் சொன்னதாகக் கேள்வி. அன்று விக்கெட்டுகள் விழுந்ததும் அவரே கைதட்டினாராம். தாமோதரன் அதன்பின் பல வருடம் நாட்டுக்கு ஆடினார்.

எண்பதுகளில் பயிற்சியாளராகி, தன் பந்துவீச்சாளர்களை அதே களத்துக்கு அழைத்து வந்தார். ஜீப் நின்றதும் யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் ஷூவைக் கழற்றி முள்வேலி ஓரம் வரிசையாக வைத்தார்கள். நான் அனுமதிக் கட்டோடு உள்ளே காலெடுத்து வைத்தேன்.

தலை நரைத்த சடையன் கை காட்டி நிறுத்தினார்.

"சூப்ரண்டு அய்யா, பேப்பருலாம் சரிதான். பூட்ஸு?"

தாமோதரன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தேன். இளைய சகாக்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இது ஒன்று உண்டு: புது இடத்துக்குப் போனால் அனுமதிக் கட்டைப் பிறகு பிரியுங்கள். செருப்பை எங்கே விடுவது என்று முதலில் கேளுங்கள்.