நீளமும் நீலமும்

துணியை வெட்டுவதற்கு முன் அதைச் சன்னலில் தொங்கவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார் திரைக்காரர். வெயில் எந்த நிறத்தில் உள்ளே வரும், காற்றடித்தால் எவ்வளவு தூரம் உப்பும் என்றெல்லாம் பார்ப்பதாகச் சொல்வார். பார்த்தபடியே, சாப்பாட்டோடு மென்று தின்னும்படி மருத்துவர் கொடுத்த மாத்திரையை மெல்லுவார். வெள்ளையாய், மாவுமாவாய் வாயில் ஒட்டும் மாத்திரை அது. “கோடு போட ஒரு சாக்பீஸ், திங்க ஒரு சாக்பீஸ். நம்ம பொழப்பே சாக்பீஸாப் போச்சு” என்பார்.

திரைச்சீலை தைப்பதே அவர் தொழில். பெயர் சொல்லி அவரை அழைப்பவர் எவருமில்லை. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபின், வாரத்தில் சில நாள்கள் அவருடைய இரத்தத்தை ஓர் இயந்திரம் கழுவித் தருகிறது. அந்நாள்களின் மாலைகளில் அவர் பாதி உறக்கத்தில் நடப்பவர்போல் இருப்பார். அப்போது சொற்கள் அவரைவிட்டு நழுவும். ஒருநாள் காலையிலேயே கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு அதன் பெயர் தெரியாமல் நின்றார். பதறவில்லை. படகு கரைக்குத் திரும்பக் காத்திருப்பவர்போல் நின்றார். ‘ஊசி’ மெல்ல மிதந்து வந்து சேர்ந்தது. அதை மனைவியிடம் அவர் சொல்லவில்லை.

மருத்துவரிடம் மட்டும் கேட்டார். அந்த அம்மையார் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “எலும்பு சும்மா கெடக்கற குச்சி இல்லைங்க. அது ஒரு ஹார்மோனை அனுப்பி, ‘பாஸ்பேட் உப்பை வெளிய தள்ளு’ன்னு சிறுநீரகத்துக்குச் சொல்லும். உங்க சிறுநீரகத்துக்குக் காது கேக்கல. அதனால எலும்பு இன்னும் இன்னும் சத்தமாக் கத்துது. அந்தச் சத்தம் மூளை வரைக்கும் போய், ஞாபகத்தைப் பாத்துக்கற செல்லுங்களைத் தொந்தரவு பண்ணலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சந்தேகப்படறாங்க. முழுசா இன்னும் தெரியல.”

“மாமியாரும் மருமகளும் கத்துனா, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தூக்கம் போற மாதிரியா டாக்டர்?”

“அதேதான்” என்று சிரித்துவிட்டார் மருத்துவர்.

ஊசியை மறைத்து, எலும்பு கத்தும் கதையை மட்டும் மனைவியிடம் சொன்னார். அன்றுமுதல் வீட்டில் அதுவே வழக்காயிற்று. உப்பை எங்கே வைத்தோம் என்று மனைவி தேடினால்கூட, “உனக்கும் எலும்பு கத்துதா?” என்பார். உறங்கப்போகுமுன் முழங்காலைத் தட்டி, “கொஞ்சம் மெதுவாப் பேசேன்ப்பா” என்று சமாதானம் பேசுவார்.

பாட்டு ஆசிரியை ஒருவர் தம் வீட்டுக்குத் திரை கேட்டது அந்த நாள்களில்தான். வெள்ளை, நீலம் என இரு நிறத்திலும் இருந்த ஒரு துணியில் வெள்ளையைத் தொட்டுப் பார்த்து, இன்னபடி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். திரைக்காரர் நீலத்தில், வழக்கமான அளவில், சன்னலுக்குக் கீழே ஒரு சாண் தொங்கும்படி தைத்து அனுப்பினார். மறுநாளே ஆசிரியையின் தம்பி அத்தனையையும் சுமந்துகொண்டு வந்தான்.

“அக்கா நீளமாக் கேட்டாங்களாம். நீங்க நீலமாத் தச்சிருக்கீங்களே!”

அவன் போனதும் மனைவி கத்தரிக்கோலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“ஏங்க, நான் வெட்டிக்கறேன். நீங்க வளையம் கோத்துக் குடுங்க, போதும்.”

“நீலம்னுதான் காதுல விழுந்துச்சு.”

“விழுந்திருக்கும். அதுதானே பயமா இருக்கு.”

அவர் வளையம் கோத்தார். வெட்டாதவன் திரைக்காரன் ஆவானா என்பதே அவரை அரித்தது. காது கேட்டதா, அன்றி எலும்புதான் காதுக்குள் கத்தியதா? அவருக்கே தெரியவில்லை. தொங்கிக்கொண்டிருந்த நீலத் திரைகள் அறையைக் குளத்தின் அடிபோல் ஆக்கின. அவற்றினூடே மனைவி மீனைப்போல் நடமாடினாள்.

நான்கைந்து நாள் கழித்துப் பாட்டு ஆசிரியை தாமே வந்தார்.

“என்னண்ணா இது? நீலமா வேணும்னு அவ்வலவு சொன்னேனே!”

அடுப்பங்கரையிலிருந்து மனைவி விரைந்து வந்தாள். “எப்படி வேணும்னீங்க?”

“நீலமா! தரையைத் தொடற மாதிரி. நான் தொட்டுப் பாத்த அந்த வெல்லைத் துணியில.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. “நல்லா இருக்கும்மா உங்க ளகரம்! அதுக்கு நான் இவரைப் பிடிச்சு உலுக்கிட்டேனே!” என்றவள், என்ன நடந்ததென்று விழித்த ஆசிரியைக்கு மோர் கொடுத்து, வெள்ளையில் தைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினாள். பிறகு அலமாரியைத் திறந்தாள்.

“இந்தாங்க. கோவிச்சுக்காதீங்க.”

திரைக்காரரும் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. இம்முறை பிழை இன்னொருவர் நாவினுடையது. ஊசியின் பெயர் தொலைந்த காலையில் அறையில் வேறு எவருமில்லையே!

வெள்ளைத் துணியை மேசைமீது விரித்து, தரையைத் தொடும்படி அளந்து கோடு போட்டார். கத்தரிக்கோலின் வாயைத் திறந்து கோட்டின் விளிம்பில் வைத்தார். வெட்டவில்லை. பின்னர் அதை எடுத்துவிட்டு, அளவு நாடாவின் ஒரு நுனியைத் தாம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுநுனியை, இன்னொரு முறை அளந்து பார்க்க, மனைவியிடம் நீட்டினார்.