சிலைக்குள் போன நீலப் பொத்தான்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'மெதுவா' என்றுதான் பெயர். திபெத்திய, பௌத்தக் கலைக்கென்றே இருக்கும் அருங்காட்சியகத்தில் சிலைகளைத் தூக்கி இடம் மாற்றுவது அவர் வேலை. வாயைத் திறந்தாலே "மெதுவா, மெதுவா" என்பார். வீட்டில் நான் குக்கரை இறக்கினாலும் அதே பாட்டு.

அப்படிப்பட்ட மனிதர் கையில்தான் அந்தச் செப்புப் புத்தர் சரிந்தார். சிலையின் அடித்தகடு கழன்று, சுருட்டிய தாள்கள், தானியம், கிழிந்த துணி, சின்னச் சின்ன நீலக் கற்கள் எல்லாம் தரையில் கொட்டின. உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறது என்று நினைத்து, குனிந்து குப்பை முறத்தில் அள்ளிவிட்டார். காப்பாளர் அம்மா ஓடிவந்து அலறினார்.

"அய்யோ, அது குப்பையில்ல! அதுதான் சிலைக்கு உயிர். ஒரு துணுக்கு முன்னப்பின்ன ஆனாலும் உங்க வேலை போயிடும்!"

பிக்கு ஒருவரை வரவழைத்தார்கள். விழுந்ததெல்லாம் உள்ளேயே போக வேண்டும் என்று சொல்லி, மந்திரம் ஓதியபடி அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கற்களோடு ஒரு நீலப் பொத்தானும் போவதை இவர் பார்த்தார். தன் சட்டையைத் தடவினார். பொத்தான் இருந்த இடத்தில் அறுந்த நூல்தான் இருந்தது. தகட்டை மூடிவிட்டார்கள்.

மாலையில் சட்டையில் பொத்தானைக் காணாமல் கேட்டேன், நடந்ததைச் சொன்னார். காய்ச்சலில் போன எங்கள் மகளின் கவுன் பொத்தான் அது. கண்ணெதிரே இருக்கட்டும் என்று நான்தான் அவர் சட்டையில் தைத்திருந்தேன்.

"போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க."

"எப்படிக் கேக்குறது? சொன்னா வேலை போயிடும். அதுவும் இல்லாம, மந்திரமெல்லாம் சொல்லிட்டாங்க. இப்ப அது சாமியா, பாப்பா பொத்தானா? எனக்கு ஒண்ணும் புரியல."

"உங்களுக்கு என்னிக்குத்தான் புரிஞ்சிருக்கு! நானே கேக்குறேன்."

மறுநாள் விறுவிறுவென்று போனேன். சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு இவர் திருதிருவென முழித்தார். சிலைக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருத்தி கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் காப்பாளர் அம்மா.

எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. யாரோ ஒருத்தி என் பிள்ளையைக் கும்பிடுகிறாள், பெற்றவள் நான் சண்டைக்கு வந்து நிற்கிறேன்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா பாக்க வந்தேன்."

நானும் கும்பிட்டேன். யாரை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அழுகை மட்டும் வந்தது.

வெளியே வந்ததும் இவர் பின்னாலேயே ஓடிவந்தார். "கேட்டியா?"

"இல்ல. இனிமே தூக்கும்போது மெதுவா தூக்குங்க."