படைக்காத சோறு

எனக்கு வாய் நீளம். ஞானஸ்நானம் எடுத்த பிறகாவது குறையும் என்று வீட்டுக்காரர் எதிர்பார்த்தார், கூடத்தான் செய்தது. அரியலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசாமல் விட்டதில்லை. கழுத்தில் டேப் கிடக்கும்போது யாரும் ஓட முடியாதில்லையா? கடைசியில் எங்கள் சபைப் போதகரே, "கொஞ்ச நாள் பேசாம இருங்கம்மா, அதுவும் ஊழியந்தான்" என்று சொல்லிவிட்டார்.

பேசாமல் இருக்க நான் கற்றுக்கொண்டது என் அண்ணியிடம்தான்.

வேப்பந்தட்டைப் பக்கத்தில் அண்ணன் வீடு. மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிற குடும்பம். வருஷா வருஷம் அப்பா இறந்த நாளில் அவருக்குப் படையல் உண்டு. புது வேட்டி வைத்து, அவருக்குப் பிடித்த நாட்டுக்கோழிக் குழம்பும் வடையும் இலையில் பரிமாறி, கும்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். நான் விசுவாசத்துக்கு வந்த முதல் வருஷம், படைத்ததைச் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்பா சோறு ஒனக்கு வெஷமாயிடுச்சா?" என்று அண்ணன் கேட்டான். பெற்ற அப்பா. எனக்கு மட்டும் வலிக்காதா? பட்டினியாகவே பஸ் ஏறினேன்.

அடுத்த வருஷம் அண்ணி என்னை அடுப்படிக்குள் இழுத்து, கையில் ஓர் எவர்சில்வர் டப்பாவைத் திணித்தாள். "படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன். சாப்பிடு." படையல் முடியும்வரை குழம்பில் உப்புக்கூடப் பார்க்காதவள் அவள். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் மிக்சிக்குப் பின்னால் அந்த டப்பா இருந்தது. நான் சாப்பிடுவேன், அவள் வாசலில் ஒரு கண் வைத்துக்கொண்டே ஏதாவது கேட்பாள். "ஒங்க சாமி பொம்பளைங்ககிட்டயும் ஒக்காந்து பேசுவாரா?" கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். இவள் ஒருநாள் சபையில் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஜெபித்தேன். வேறு யாருக்காகவும் நான் அப்படி அழுததில்லை.

இந்த வருஷம் படையலுக்கு முன்பு அண்ணன் தண்ணீர் எடுக்க உள்ளே வந்துவிட்டான். என் கையில் டப்பா. கூடத்தில் இலைக்கட்டு இன்னும் பிரிக்காமல் இருந்தது.

"அப்பாவுக்கு எச்ச சோத்தையா போட்டுக்கிட்டிருந்த? எத்தன வருஷமா?" என்று அண்ணியைக் கேட்டான்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "இவ பட்டினியா போனதுக்கு மறுவருஷத்துலேருந்து" என்றாள்.

சோளம் பட்டுப்போனது, அவனுக்கு முட்டிவலி வந்தது, எல்லாம் இதனால்தான் என்று கத்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே இந்த வூட்டுக்கு வராத" என்றான். அதை மட்டும் கத்தாமல் சொன்னான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணி பஸ் ஸ்டாப்வரை கூடவே வந்தாள். டப்பாவையும் கொண்டுவந்திருந்தாள்.

"நீங்களும் சபைக்கு வந்துடுங்க அண்ணி" என்றேன். இத்தனை வருஷம் அடக்கிவைத்தது அவசரத்தில் வாயில் வந்துவிட்டது.

"வர ஆசதான். நீ சொன்னதெல்லாம் நெசம்னுதான் தோணுது" என்றாள். "ஆனா நானும் வந்துட்டா ஒங்கப்பாவுக்கு யாரு ஆக்கிப் போடுவா?"

செத்தவர்கள் ஒன்றும் அறியமாட்டார்கள் என்று பைபிளில் ஒரு வசனம் உண்டு. எனக்கு மனப்பாடம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

"ஒங்கப்பாவுக்கு இன்னும் படைக்கலியே" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "போயி எல்லாத்தையும் மறுபடி ஆக்கணும். நீ சாப்பிடு."