மறுப்புக் கடிதக்காரி

கொழும்பு வெள்ளவத்தையில் என் அக்காவின் ஃபிளாட் இருக்கும் கட்டடத்து லிஃப்ற் மிகவும் மெதுவானது. அதில் ஏறினால் மூன்றாம் மாடி சிவபாதம் அங்கிள் கட்டாயம் இருப்பார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் கடற்கரைக்கு நடக்கப் போய்வருவதுதான் இப்போதைய உத்தியோகம். என்னைக் கண்டால் சுகம் விசாரிக்க மாட்டார். "எப்ப போறீங்கள்?" என்றுதான் கேட்பார். ரொறன்ரோவில் நான் இருக்கும் கட்டடத்து லிஃப்ற்றிலும் ஒரு கேள்வி கேட்பார்கள். 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இறங்கிப் போய்விடுவார்கள். சிவபாதம் அங்கிள் அப்படிப்பட்டவர் அல்ல. பதிலுக்காக நிற்பார். அவருக்குத் திகதி வேண்டும், விமானத்தின் பெயரும் தெரிந்தால் நல்லது. "இன்னும் முடிவெடுக்கேல்லை அங்கிள்" என்று நான் சொன்ன அன்று, தன்னுடைய மாடி வந்தும் இறங்காமல் என்னுடன் ஆறாம் மாடி வரைக்கும் வந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிறவர்களுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. மூன்று கிழமை நிற்க வேண்டும். கோயிலுக்குப் போய், பல்லைக் கட்டி, சட்டை தைக்கக் கொடுத்து, சொந்தக்காரர் வீடுகளில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, பெட்டியைக் கட்டிவிட வேண்டும். நான் வந்து அப்போது நான்கு மாதம். தனியாக வந்த நாற்பத்துநான்கு வயதுப் பெண். கலியாணமும் ஆகவில்லை. அது வேறு கட்டுரை. இந்த நான்கு மாதத்தில் எனக்கு ஒரு நோயும், ஒரு ரகசிய மாப்பிள்ளையும், பம்பலப்பிட்டியில் ஒரு காணியும் இருப்பதாகக் கட்டடம் முடிவு செய்துவிட்டது. அக்கா ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"உனக்கு வேலை போட்டுதெண்டால் சொல்லு. நான் ஒருதருக்கும் சொல்லமாட்டன்."

"போகேல்லை அக்கா. லீவிலதான் நிக்கிறன். நான்தான் அதை விடலாமோ எண்டு யோசிக்கிறன்."

"விடப் போறியோ? ஆரும் கனடா வேலையை விடுவினமோ? உனக்குத் தலையிடி ஏதும் இருக்கோ?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் என்ன வேலை செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வெட்கம். இருந்தாலும் சொல்கிறேன். ரொறன்ரோவில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் பதினான்கு வருடமாக மறுப்புக் கடிதம் எழுதினேன். பணம் கேட்டு விண்ணப்பிக்கிறவர்களுக்கு 'தர மாட்டோம்' என்று சொல்லும் கடிதங்களின் மாதிரிகளைத் தயாரிப்பது என் பிரிவு. வீட்டுக்குள் வெள்ளம் வந்தவருக்கு ஒரு மாதிரி, முதுகு பிடித்தவருக்கு ஒரு மாதிரி. முதல் வசனத்தில் அனுதாபம், இரண்டாவதில் நன்றி, மூன்றாவதில் 'எனினும்'. அந்த 'எனினும்' இருக்கிறதே, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அது எந்த இடத்தில் வந்தால் வாசிக்கிறவர் கோபப்படாமல் மனமுடைந்து போவார் என்று நாங்கள் மூன்று கிழமை கூட்டம் போட்டு ஆராய்ந்திருக்கிறோம். கோபப்படுகிறவர் வழக்குப் போடுவார். மனமுடைந்தவர் பேசாமல் இருந்துவிடுவார். இதை நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கெட்டிக்காரத்தனத்தோடு செய்தேன். வருடம்தோறும் பாராட்டும் கிடைத்தது.

பத்து வருடம் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாலே திங்கட்கிழமையை நினைத்துப் போர்த்துக்கொண்டு படுக்கத் தொடங்கினேன். என்னுடைய மனேஜர் பிரெண்டா நல்ல மனுசி. ஒருநாள் அவருடைய அறைக்குப் போய், இந்த வேலையில் எனக்கு நிறைவில்லை என்று சொன்னேன். மிகவும் கவனமாகக் கேட்டார், குறிப்பும் எடுத்தார். அடுத்த கிழமை என் இடத்துக்கு ஒரு புது மேசை வந்தது. பொத்தானை அமத்தினால் உயரும், நின்றபடி வேலை செய்யலாம். அன்றிலிருந்து நான் நின்றபடி 'எனினும்' எழுதினேன்.

நின்றும் இருந்தும் என் கழுத்துப் பிடித்துக்கொண்டது. சிகிச்சைக்குப் பணம் கேட்டு எங்கள் கொம்பனிக்கே விண்ணப்பித்தேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. 'உங்கள் நிலைமையை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்' என்று தொடங்கியது. மூன்றாம் வசனத்தில் 'எனினும்'. என் பிள்ளையை நான் அடையாளம் கண்டுகொண்டேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் சமையலறையில் நின்று அதை வாசித்தபோது, என்னுடைய கடிதம் எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியவந்தது. கோபம் வரவில்லை. பேசாமல் இருந்தேன். அந்தக் கடிதத்தைப் பதினான்கு வருடமாக எத்தனை பேர் சமையலறையில் நின்று வாசித்திருப்பார்கள் என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. அடுத்த நாள் சம்பளமில்லாத லீவு ஆறு மாதம் கேட்டேன். கொடுத்தார்கள். 'எனினும்' இல்லாமல் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கொழும்புக்கு வந்தபோது பெரிய திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. நான் பிறந்தது இதே கொழும்பில், கொட்டாஞ்சேனையில். ஆனால் இப்போது என்னிடம் இருப்பது கனடாப் பாஸ்போட் மட்டும், இலங்கைக்கு நான் விசிற் விசாக்காரி. வந்த கிழமை, ஆட்டோக்காரர் ஒருவருக்கு என் துருப்பிடித்த சிங்களத்தில் வழி சொன்னேன். அவர் மரியாதையாகத் திரும்பிப் பார்த்து, இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்டார். கொட்டாஞ்சேனை என்று சொன்னேன். அது இந்தியாவில் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, ஆனால் யோசித்தார்.

விசாவை முதல் தடவை நீடிக்கப் பாஸ்போட்டைப் போட்டோக்கொப்பி எடுக்கப் போனபோதுதான் மகேந்திரனின் கடை எனக்குக் கிடைத்தது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கும் கொமினிகேசன் அது. போட்டோக்கொப்பி, பாஸ்போட் படம், ஒன்லைனில் விசா ஃபோர்ம் நிரப்புவது எல்லாம் அங்கே நடக்கும். மகேந்திரன் மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துக் குடும்பம், கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்குக் கொப்பி எடுத்துக்கொண்டே, திரையில் இருந்த ஒரு கடிதத்தைக் காட்டினார்.

"மிஸ், ஒங்களுக்கு இங்கிலீஸ் நல்லா வரும்போல. இது சரியாங்க?"

சரியில்லை. திருத்திக் கொடுத்தேன். அடுத்த நாளும் போனேன். பிறகு எனக்கென்று ஒரு கதிரை வந்தது. அது உயராது, பதியாது, ஒரு கால் ஆடும். சம்பளம் நான் வாங்குவதில்லை, என்னுடைய விசாவில் வாங்கவும் கூடாது. பத்து மணிக்குப் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் வடையும் வரும்.

பதினான்கு வருடத்துப் புத்தி சும்மா இருக்குமா? முதல் மாதத்திலேயே கடையைச் சீர்திருத்த வெளிக்கிட்டேன். இலக்கத் துண்டு கொடுத்து வரிசை வைத்தேன். துண்டைப் பெற்றவர்கள் அதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துவிட்டு, எல்லோரும் ஒன்றாக மேசையைச் சுற்றி நின்றார்கள். விசிற் விசாக் கடிதத்துக்கு ஒரு மாதிரியும் செய்து வைத்தேன். போகிறவர் திரும்பி வருவார் என்று நம்ப வைப்பதுதான் அந்தக் கடிதத்தின் உயிர். என்னுடைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றினால் போதும். மகேந்திரன் வடையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அப்போதுதான் இராசமணி அன்ரி வந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவர். மகள் ரொறன்ரோவில், முதல் பிள்ளைப்பேறு. பேறு பார்க்கப் போக வேண்டும். நான் மாதிரியில் பெயரைப் போட்டு, அச்செடுத்து, தமிழில் சொல்லிக் காட்டினேன். 'மகப்பேற்றுக்குப் பிந்திய பராமரிப்பு உதவியை வழங்கும் நோக்கத்துடன், வரையறுக்கப்பட்ட காலத்துக்கு' என்று போய்க்கொண்டிருந்தது. அன்ரி கையைக் காட்டி நிறுத்தினார். முகம் கறுத்திருந்தது.

"இது ஆர், பிள்ளை? கணக்குப் பரிசோதிக்கப் போற ஆளோ?"

"நீங்கள்தான் அன்ரி."

"நான் இப்பிடிக் கதைக்கமாட்டன். என்ர பிள்ளை தனிய நிண்டு பெறப்போகுது. அவளுக்குச் சரக்குத்தூள் அரைச்சுக் கறி வைச்சுக் குடுக்க ஒருதரும் இல்லை. அதை எழுதேல்லையே?"

"திரும்பி வருவீங்கள் எண்டு அவைக்கு நம்பிக்கை வரோணும் அன்ரி. அதுக்குத்தான் இப்பிடி எழுதுறது."

"வராமல்? என்ர மனிசனுக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் முடிய நான் வராட்டி அந்த மனிசன் பட்டினியிலதான் கிடக்கும்."

மகேந்திரன் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து, "அதையே எழுதுங்க மிஸ்" என்றார்.

மாதிரியை அழித்தேன். அன்ரி சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதினேன். மகளுக்குப் பத்தியக் கறி வைக்க ஆளில்லை என்று எழுதினேன். கணவருக்கு முட்டை அவிக்கத் தெரியாது, ஆகவே நான் கட்டாயம் திரும்பி வருவேன் என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் ஒருவர் உண்மையில் சொன்ன வசனம் ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் என்னை அறியாமல் பாடிக்கொண்டு போயிருக்கிறேன். லிஃப்ற்றில் சிவபாதம் அங்கிள் அதைக் கேட்டு, மாப்பிள்ளைக் கதைதான் சரி என்று முடிவெடுத்தாராம்.

ஆறாவது மாதம் நெருங்கியபோது பிரெண்டா வீடியோவில் வந்தார். முழுப் பிரிவுக்கும் என்னைத் தலைவியாக்கப் போகிறார்களாம். "உன்னைப் போல் அழகாக 'இல்லை' சொல்ல இங்கே ஒருவரும் இல்லை" என்றார். உண்மையான அன்போடு சொன்னார். அதனால்தான் அது அப்படிக் குத்தியது. ஒரு கிழமையில் பதில் வேண்டுமாம்.

அதே கிழமையில் என் விசாவையும் இன்னொரு தடவை நீடிக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுடைய ஃபோர்ம்களைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறவள் என்னுடையதில் மாட்டிக்கொண்டேன். நோக்கம் என்ன? எப்போது திரும்பிப் போவீர்கள்? மகேந்திரன் என்னுடைய கதிரையில் வந்து இருந்துகொண்டு, நான் மற்றவர்களிடம் கேட்பது மாதிரியே கேட்டார்.

"நீங்க திரும்பிப் போவீங்கன்னு நாங்க எப்படிங்க நம்புறது மிஸ்? அங்க யாரு ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க?"

"ஒரு மேசை" என்றேன். "உயரும், பதியும்."

சிரிப்புக்காகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரொறன்ரோ எனக்குச் சோறு போட்ட ஊர். முதல் பனியில் வீதி சத்தமடங்கிப் போவதும், நூலகத்தில் என் ஜன்னலோரத்து இடமும், என்னைக் கண்டால் பஸ்ஸை அரை நிமிடம் நிறுத்தி வைக்கும் சாரதியும் என்னுடையவைதான். அந்த ஊரில் எனக்கு வெறுப்பு இல்லை. அங்கே எனக்காக முட்டை அவிக்காமல் பட்டினி கிடக்க ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். இங்கேயும் இல்லை. ஆனால் இங்கே ஒரு ஆடுகிற கதிரை இருக்கிறது. அதில் நான் இருந்தால், நாளில் ஒருவராவது முகம் மலர்ந்து எழும்பிப் போகிறார்.

அந்த இடத்திலேயே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். முதல் பிரதியில் மூன்றாம் வசனத்தில் 'எனினும்' வந்து நின்றது. அழித்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல மகேந்திரனைத் தட்டச் சொன்னேன். 'பிரெண்டா, உங்களை எனக்குப் பிடிக்கும். இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. மேசையைக் கழுத்துநோக்காரர் யாருக்காவது கொடுங்கள்.' அடுத்த நாள் கொம்பனியிலிருந்து பதில் வந்தது. என் நிலைமையை முழுமையாகப் புரிந்துகொள்வதாக எழுதியிருந்தார்கள்.

விசாவும் ராஜினாமாவும் ஒரு பக்கம் இருக்க, இராசமணி அன்ரி கடைக்குள் ஓடி வந்தார். அவருக்கு விசா கிடைத்துவிட்டது. கையில் இனிப்புக்கு ஒரு பெட்டி தொதலும் இருந்தது. அந்த வயதில் ஒருவர் குதித்ததை நான் அன்றுதான் கண்டேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பிளேன் ஏறினதேயில்லை பிள்ளை. நீங்களும் அங்கதானே போறனீங்கள். ஒண்டாப் போவமோ?" என்று கேட்டார். எனக்கும் அங்கே வேலை இருந்தது. ஒஃபிஸ் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டை வாடகைக்கு விட வேண்டும். இங்கே இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையான பத்திரங்களை எடுத்து வர வேண்டும். இனி நீடிக்கத் தேவையில்லை என்று, பாதியில் நின்ற என்னுடைய விசா ஃபோர்மைக் கிழித்துவிட்டு, அன்ரியையும் கூட்டிக்கொண்டு ரிக்கெற் போடப் போனேன்.

"ரிட்டர்ன்தானே மேடம்?" என்று அங்கே இருந்த பிள்ளை கேட்டது. இரண்டு பேருக்கும் ரிட்டர்ன். இருபது வருடமாக நான் எத்தனையோ தடவை கொழும்புக்கு வந்திருக்கிறேன். அந்த ரிக்கெற்றுகள் எல்லாம் ரொறன்ரோவில் தொடங்கி ரொறன்ரோவில் முடிந்தவை. இது கொழும்பில் தொடங்கிக் கொழும்பில் முடிகிறது. அன்ரியினுடையதும் அப்படித்தான். அன்ரிக்கு ரொறன்ரோ போக விசா, எனக்குக் கொழும்புக்குத் திரும்பிவர விசா. இதைச் சொன்னபோது அன்ரி என்னை ஒரு பாவப்பட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அன்று மாலை லிஃப்ற்றில் சிவபாதம் அங்கிள். "எப்ப போறீங்கள்?"

"வாற வியாழக்கிழமை அங்கிள்."

ஆறு மாதமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டதுபோல அவருடைய முகம் தெளிந்தது. "நல்லது, நல்லது" என்றார். விமானத்தின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மூன்றாம் மாடி வந்ததும் சந்தோசமாக இறங்கிப் போனார். நான் திரும்பி வரும் திகதி என் கைப்பைக்குள் அச்சடித்து இருந்தது. அடுத்த கேள்வியை அவர் கேட்டால் சொல்வதற்காக, கதவு மூடாமல் பொத்தானைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.