பொட்டு வைச்ச செங்கல்

மடியில் கொப்பி, கையில் செங்கல். நாலு கல்லுச் சுரண்டினால் ஒரு வரி எழுதுறன். இடிச்ச வீட்டுக் கல்லில் ஒட்டின சாந்தைத் தட்டி விழுத்துறதுதான் என்ரை வேலை. இங்கிலிசில் வாய் திறக்கத் தேவையில்லாத வேலை லண்டனில் இது ஒண்டுதான். என்னைப் போலக் கூச்சப்பட்ட சகோதரங்களுக்கு விளங்கும், இந்த வேலையைக் கைவிட ஏலாது.

கழுவின குற்றம்

2009 சித்திரையில், மகளை நேர்சரியில் விட்ட அண்டே இந்தப் பழங்கல் விக்கிற இடத்தில் வந்து சேர்ந்தன். படிப்பு எட்டாம் வகுப்பெண்டாலும் வேலையில் குறை இருக்கப்படாதெண்டு, சாந்தைத் தட்டினதோடை நிக்காமல் சோப்பும் கம்பிப் பிரஷ்ஷும் போட்டுத் தேய்ச்சன். கல்லெல்லாம் புதுப்பானை மாதிரி.

வாங்க வந்த வெள்ளைக்காரிக்கு முகம் செத்துப் போச்சு. அவவின்ரை சுவர் நூறு வருசப் புகையில் கறுத்ததாம். வீட்டோடை சேத்துக் கட்டுற எக்ஸ்ரென்சனும் அதே கறுப்பெண்டால்தான் கவுன்சில் விடுமாம். முதலாளி சிவா அண்ணை தலையில் கை வைச்சார்: "பிள்ளை, நாங்கள் விக்கிறதே அந்த ஊத்தையைத்தான். இன்னொரு பிழை விட்டால் வரவேண்டாம்."

முந்திக் குடிபூந்தவர்

நாங்கள் இருக்கிற இந்த இல்ஃபோர்ட் வயலாய்க் கிடந்த காலத்தில், இந்த மண்ணையே தோண்டி இங்கையே சூளை வைச்சுச் சுட்ட கல் இது. சுட முதல் ஈரக் கல்லைக் காயவிட, நாய் மிதிச்சிருக்கு. அந்தக் கால் அடையாளம் கிடந்த கல்லை கோலியர்ஸ் வுட்டிலையிருந்து வீட்டுக்குக் கல் வாங்க வந்த அக்கா ஒராள் தூக்கிப் பாத்தா: "இஞ்சை பாருங்கோ, என்ரை வீட்டிலை எனக்கு முந்தி நாய் குடிபூந்திட்டுது!"

பொட்டு

ஆயுதபூசையண்டு சுத்தியலுக்குப் பொட்டு வைச்சன். கல்லும் சோறு போடுதெல்லோ எண்டு, ஒரு கல்லுக்கும் திருநீற்றைக் குழைச்சு மூண்டு குறி இழுத்து, நடுவில் குங்குமம் வைச்சன். பின்னேரமே அந்த அடுக்கு வித்துப் போச்சு.

நேற்று, இந்த ஊர்ச் செங்கல் சரித்திரம் எழுதுற வெள்ளைக்கார வாத்தியார் ஒராள் அந்தக் கல்லைத் துவாயில் சுத்திக் குழந்தை மாதிரிக் கொண்டு வந்தார். பழைய சூளைக்காரர் நெருப்பு மூட்ட முதல் இட்ட அடையாளமாம்! லைப்ரரியில் பேசப் போறாராம். சிவா அண்ணை கல்லைப் பாத்தார், அதே குறி கிடந்த என்ரை நெத்தியைப் பாத்தார். தமிழில் மெல்லச் சொன்னார்: "அவர் போகட்டும். நாளைக்குக் கதைப்பம்."

நாளை எண்டது இண்டைக்கு. காலமை தொடங்கி, வேலை போச்செண்டுதான் சுரண்டிக்கொண்டிருக்கிறன்.

"பிள்ளை! வாத்தியார் திரும்ப வந்திட்டார். அப்பிடி இன்னும் நாலு கல்லுக் கிடக்கோ எண்டு கேக்கிறார். குங்குமச் சிமிழோடை கெதியாய் வாரும்!"

வாறன் அண்ணை. ஒரே வரியில் முடிக்கிறன்: இந்த ஊரின்ரை செங்கல் சரித்திரத்தை எழுதினது சூளைக்காரருமில்லை, வாத்தியாருமில்லை, எட்டாம் வகுப்போடை நிண்ட நான்தான்.